எங்கட லாயத்தில் குதிரை இல்லை

பதினேழாவது நிமிசம். எங்களிடம் ஈட்டிக்காரர் எட்டுப் பேர், எறிவேல்காரர் பத்துப் பேர், பாதி கட்டின ஒரு சுவர். எதிராளியின் கவசக் குதிரைவீரர் ஆறு பேர் எங்கட ஆட்கள் மரம் வெட்டுகிற இடத்துக்குள் நுழைகிறார்கள். ஈட்டிக்காரரை அங்கே ஓட்டினால் குதிரைகள் திரும்பித் தங்கம் அகழ்கிற இடத்துக்குப் போகின்றன. அங்கே ஓட்டினால் வயலுக்கு. நடந்து போகிறவன் குதிரையைத் துரத்திப் பிடித்ததாக எந்த ஊரிலும் கதை இல்லை. இருபத்திரண்டாவது நிமிசத்தில் 'ஜிஜி' என்று அடித்துவிட்டு வெளியே வந்தோம். அன்றைக்கு அது தொடர்ந்து நாலாவது தோல்வி.

விளையாட்டின் பெயர் ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2. நாங்கள் பிடிவாதமாக எடுத்துக்கொண்டிருந்த நாகரிகத்தின் பெயர் திராவிடர். வில்லேஜரைச் சொடுக்கினால் தமிழில் பதில் வரும். அதுக்காகத்தான் எடுத்தோம், வேறு காரணம் இல்லை. தோற்றுத் தோற்றுச் சலித்த பிறகுதான் ஒரு கேள்வி வந்தது: எல்லாருக்கும் இருக்கிற குதிரை எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம். இந்த ஆட்டத்தில் சதுரங்கம் மாதிரி உன் முறை, என் முறை என்று இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் ஆடுவார்கள். தொடக்கத்தில் ஒரு டவுன் சென்டர், மூன்று வில்லேஜர், வேவு பார்க்க ஒரு ஆள். ஆட்டை அறுத்து, மரம் வெட்டி, தங்கமும் கல்லும் அகழ்ந்து, இருண்ட காலத்திலிருந்து ஃபியூடல், காசில், இம்பீரியல் என்று காலம் காலமாக ஏறவேண்டும். ஃபியூடலுக்கு ஏற 500 உணவு. காசிலுக்கு 800 உணவும் 200 தங்கமும். கடைசிக் காலத்துக்கு 1000 உணவும் 800 தங்கமும்.

எதை எது வெல்லும் என்பது எல்லாருக்கும் தெரிந்த சுற்று. ஈட்டி குதிரையை வெல்லும், வில் ஈட்டியை வெல்லும், எறிவேல் வில்லை வெல்லும், குதிரை எறிவேலை மிதிக்கும். இதைப் பத்து நிமிசத்தில் படிக்கலாம். ஆனால் ஆட்டம் தீர்மானிக்கப்படுவது இங்கே இல்லை. ஒரு வில்லேஜர் உருவாக 50 உணவும் 25 வினாடியும் வேண்டும். டவுன் சென்டர் 50 வினாடி சும்மா இருந்தால் இரண்டு ஆட்கள் பிறக்காமலே போய்விட்டார்கள் என்று அர்த்தம். அந்த இரண்டு பேர் வெட்டியிருக்கவேண்டிய மரம் இல்லை, அந்த மரத்தில் கட்டியிருக்கவேண்டிய வீடு இல்லை, வீடு இல்லாட்டி அடுத்த ஆளை உருவாக்க ஏலாது. பதினேழாவது நிமிசத்தில் எங்களைக் கொன்ற குதிரைகள் உண்மையில் நாலாவது நிமிசத்திலேயே புறப்பட்டுவிட்டன. நாங்கள் காட்டுப்பன்றியை வேட்டையாடிக்கொண்டிருந்த நேரம் அது.

பன்றியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ஒரு பன்றியில் 340 உணவு இருக்கிறது. ஒரு வில்லேஜர் போய் இரண்டு அம்பு விட்டு, அது துரத்த ஓடி, டவுன் சென்டர் வாசலுக்குக் கூட்டிவரவேண்டும். அங்கே மற்றவர்கள் சேர்ந்து கொல்லுவார்கள். ஓடுகிறவன் ஒரு கணம் நின்றால் பன்றி அவனைக் கொன்றுபோடும். இதை நாங்கள் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறோம். போரில் ஐம்பது பேர் சாகும்போது வராத கோபம் பன்றியிடம் சாகிற அந்த ஒருத்தனால் வரும்.

அமெரிக்காவின் டெக்சாஸில் இருந்த என்செம்பிள் ஸ்டூடியோஸ் 1999 செப்டெம்பரில் இதை வெளியிட்டபோது 13 நாகரிகங்கள் இருந்தன. அடுத்த வருசம் வந்த 'த கொங்கரர்ஸ்' அதை 18 ஆக்கியது. எங்கட ஊர்களில் பலரும் இதைக் கைமாறி வந்த சீடிகளில்தான் கண்டார்கள். அப்ப யாரும் போட்டியாக ஆடவில்லை. ஒரு இரகசிய வசனத்தை அடித்தால் நடுக்காலத்துக் கோட்டைக்கு முன்னால் துப்பாக்கி பூட்டிய கோப்ரா கார் வந்து நிற்கும். அதை வைத்து எல்லாரையும் சுட்டுத்தள்ளுவதுதான் ஆட்டம். அதிகடினம் என்ற நிலையில் கணினி எதிராளிக்கே இலவசமாக வளம் கொடுக்கப்பட்டது என்று பிறகுதான் தெரியவந்தது. அதனால் கார் விசயத்தில் எங்களுக்குப் பெரிய குற்றவுணர்வு இல்லை.

மனிதர்களுக்கு எதிராக ஆடுகிறவர்கள் இணையத்தில் வேறொரு ஆட்டத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். சுவர் கட்டி, கோட்டை கட்டி, கடைசியில் பெரும் படையோடு போவதுதான் ஒழுங்கு என்று தொடக்கத்தில் பலரும் நினைத்தார்கள். பிறகு ஃபியூடல் காலத்திலேயே போய் அடித்தால் என்ன என்று யோசித்தார்கள். அதற்குப் பிறகு இருண்ட காலத்திலேயே மூன்று வாள்காரரை அனுப்பித் தொல்லை கொடுக்கிற வழி வந்தது. அவர்கள் யாரையும் கொல்லவே தேவையில்லை. எதிராளியின் கவனத்தை எடுத்துவிட்டால் காணும், அவனுடைய டவுன் சென்டர் சும்மா நிற்கத் தொடங்கும். எதிராளியின் தங்கத்துக்குப் பக்கத்திலேயே கோபுரம் கட்டி அம்பு விடுகிற முறை எல்லாவற்றிலும் வெறுக்கப்பட்டது. அதைச் செய்கிறவனுக்குக் கிடைக்கிற ஏச்சை இங்கே எழுத ஏலாது. ஆனால் விதிகளில் அதற்குத் தடை இல்லை. எங்கட அபிப்பிராயத்தில் தடை இருக்கவும் கூடாது. கோபுரம் கட்ட வந்தவனும் தன் வயலை விட்டுவிட்டுத்தானே வந்திருக்கிறான்.

அந்தக் காலத்தில் நீண்டநாள் கோலோச்சியது ஹூணர். 'அரேபியா' என்கிற திறந்தவெளி வரைபடத்தில் இரண்டு பக்கமும் ஹூணரை எடுத்து ஆடுவதே போட்டி என்றாகிவிட்டது. ஹூணருக்கு வீடு கட்டத் தேவையில்லை, அந்த மரமும் நேரமும் மிச்சம். அதோடு குதிரை. திறந்த நிலத்தில் வேகமாகப் போகிறவன் எங்கே சண்டை நடக்கவேண்டும் என்று தீர்மானிப்பான், மெதுவாகப் போகிறவன் அங்கே போய்ச் சேருவான். இந்த விளையாட்டின் போட்டி மரபு இப்படிப் புல்வெளிக் குதிரைக்காரரின் மரபாகத்தான் வளர்ந்தது. இதைப் பிற்பாடு வரப்போகிற விசயத்துக்காக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வலையமைப்பின் கதையும் சுவாரசியமானது, எங்களைப் போல லைன் இழுக்கிற இடத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் கூடுதலாக. முதலாவது ஏஜ் ஒஃப் எம்பயர்ஸின் வலையமைப்பைச் செய்த போல் பெட்னரும் மார்க் டெரானோவும் 2001 இல் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். '28.8 மோடத்தில் 1500 வில்லாளர்' என்பது அதன் தலைப்பு. அவர்கள் இலக்காக வைத்தது 16 எம்பி நினைவகம் உள்ள பென்டியம் 90 கணினியும் தொலைபேசி மோடமும். எட்டுப் பேர் ஆடினால் ஆயிரக்கணக்கான வீரர்கள் நகருவார்கள். ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார் என்று அந்த மோடத்தில் அனுப்ப வழியே இல்லை. ஆகவே அவர்கள் வீரர்களை அனுப்பவில்லை, கட்டளைகளை மட்டும் அனுப்பினார்கள். எட்டுக் கணினியும் அதே கட்டளைகளை வாங்கி, முழு உலகத்தையும் தனித்தனியாக ஒரே மாதிரிக் கணக்குப் போடும். நீங்கள் இப்ப சொடுக்குவது உடனே நடக்காது. ஏறத்தாழ 200 மில்லிவினாடி கொண்ட ஒரு சுற்றில் பதிவாகி, இரண்டு சுற்றுத் தள்ளி எல்லாக் கணினியிலும் ஒன்றாக நடக்கும்.

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, எட்டுப் பேரில் மெதுவான கணினிக்கும் மெதுவான லைனுக்கும் ஏற்றமாதிரி எல்லாரும் மெதுவாகவேண்டும். ஒருத்தன்ட வீட்டில் தங்கச்சி வீடியோ பார்க்கத் தொடங்கினால் எட்டுப் பேரின் போரும் தள்ளாடும். இரண்டாவது, எட்டு உலகமும் அச்சொட்டாக ஒன்றாக இருக்கவேண்டும். வரைபடம் உருவாகும்போது ஒரு மான் ஒரு கணினியில் மட்டும் துளி விலகி நின்றாலும் அது வேறு பக்கம் மேயும், சில நிமிசம் கழித்து ஒரு வில்லேஜரின் ஈட்டி குறிதவறும், அவன் இறைச்சி இல்லாமல் வீடு திரும்புவான், பிறகு எட்டுப் பேரும் வெவ்வேறு போர்களை ஆடிக்கொண்டிருப்பார்கள். இந்த மான் உதாரணம் அந்தக் கட்டுரையிலேயே வருகிறது. ஆட்டக்காரரைப் பற்றி அவர்கள் கவனித்த ஒன்றும் எங்களுக்குப் பிடித்தது: சில நேரம் வேகம், சில நேரம் தாமதம் என்று மாறி மாறி இருப்பதைவிட எப்போதும் ஒரே அளவு தாமதமாக இருப்பதையே மனிதர் தாங்குகிறார்கள். பஸ்ஸுக்கு நிற்கிற எவருக்கும் இது தெரியும்.

என்செம்பிள் 2009 இல் மூடப்பட்டது. சாதாரணமாக விளையாட்டும் அதோடு செத்திருக்கவேண்டும். ஆனால் ரசிகர்கள் சேர்ந்து புதிய நாகரிகங்களைச் செய்தார்கள். 2013 இல் அது 'த ஃபொர்கொட்டன்' என்று அதிகாரபூர்வமாகவே வெளியானது. அதில்தான் முதல்முறையாக 'இந்தியர்' வந்தார்கள். இமயத்திலிருந்து குமரி வரை எல்லாரும் ஒரே நாகரிகம், ஹிந்தி பேசுவார்கள், ஒட்டகம் ஓட்டுவார்கள். சோழரும் பாண்டியரும் அதற்குள் எங்கேயோ அடக்கம் என்று நாங்கள் வைத்துக்கொள்ளவேண்டியதுதான்.

2019 இல் டெஃபினிட்டிவ் எடிஷன் வந்து, 2022 ஏப்ரல் 28 இல் 'டைனஸ்டீஸ் ஒஃப் இந்தியா' வெளியானபோது அந்த ஒற்றை இந்தியர் நாலாகப் பிரிந்தார்கள்: ஹிந்துஸ்தானியர், கூர்ஜரர், வங்காளர், திராவிடர். திராவிடருக்கு இராஜேந்திர சோழன் பெயரில் ஒரு படையெடுப்புத் தொடரும் கிடைத்தது. அந்தத் திகதியைப் பாருங்கள். மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு. ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது என்று அரசாங்கம் அறிவித்தது. 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர் ஒரு சில வாரத்தில் 300 ஐத் தாண்டிப் போனது. தமிழ் பேசுகிற நாகரிகம் வந்து சேர்ந்த மாதத்தில்தான் எங்களிடம் கரண்டும் இல்லை, அதை வாங்கக் காசும் இல்லை. பிறகு எப்படியோ வாங்கி ஆடத் தொடங்கியபோதும் ஆட்டத்தின் நடுவில் விளக்கு அணையும். தரவரிசை ஆட்டத்தில் பாதியில் காணாமல் போனால் அது தோல்வி. எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு, இவன் தோல்வி தாங்காமல் ஓடிவிட்டான் என்றுதான் தோன்றும். எல்லாரும் 1000 புள்ளியில் தொடங்குகிறார்கள். நாங்கள் எவ்வளவுக்கு இறங்கினோம் என்பது எங்களோடே இருக்கட்டும்.

சரி, திராவிடர். வெளிவந்தபோது அவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை இவை: ஒவ்வொரு காலம் ஏறும்போதும் 200 மரம் இலவசம். மீனவர் கூடுதலாகச் சுமப்பார்கள். காலாட்படைக் கூடத்து மேம்பாடுகள் அரைவிலை. எறிவேல்காரரும் யானைமேல் வில்லாளரும் மற்றவர்களைவிட வேகமாக எறிவார்கள். கவசத்தையே பொருட்படுத்தாமல் வெட்டுகிற உருக்குத் தொழில்நுட்பம் ஒன்று உண்டு. சுருள்வாள்காரர் உண்டு. திரிசடை என்றொரு பெருங்கப்பலும் உண்டு. எங்களுக்குத் திரிசடை என்றால் அசோகவனத்தில் சீதைக்குத் துணையிருந்தவள்தான் நினைவுக்கு வருவாள், அவள் எப்படிப் போர்க்கப்பலானாள் என்று கொஞ்சநேரம் கதைத்துச் சிரித்தோம். கேரளத்துச் சுருள்வாளும் சோழக் கப்பலும் ஒரே கூடையில். நாலாகப் பிரித்தும் தெற்கு முழுக்க ஒன்றுதான் என்று வைத்துவிட்டார்கள்.

லாயத்தில் நைட் இல்லை. குதிரைக்கு உயிர் கூட்டுகிற மேம்பாடு இல்லை. யானை இருக்கிறது. ஆனால் யானை மெதுவானது, விலை கூடியது, எதிராளியின் துறவி ஒருத்தர் தூரத்தில் நின்று 'வொலொலோ' பாடினால் அது அவர் பக்கம் போய்விடும். எங்கட யானை எங்கட வில்லேஜர்களை மிதிக்கிறதை நாங்களே பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும்.

ஓரவஞ்சனை என்றுதான் முதலில் கத்தினோம். பிறகு புத்தகங்களைப் பார்த்தால், இந்த விசயத்தில் விளையாட்டுச் செய்தவர்கள் ஒரு நல்ல வரலாற்று மாணவனின் வேலையைச் செய்திருக்கிறார்கள்.

தமிழ்நிலத்தில் நல்ல போர்க்குதிரை வளர்ந்தது குறைவு. அது கடலால் வந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து இறங்கியவற்றைச் சொல்லும் பட்டினப்பாலை, குதிரையையும் கடல்வழி வந்த பொருளாகத்தான் சொல்கிறது. ஆயிரம் வருசத்துக்கும் மேல் கழித்து, 13 ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ அதையே இன்னும் வேதனையான கணக்காக எழுதுகிறார். ஹோர்முஸ், ஏடன் பக்கத்து வணிகர் கப்பலில் குதிரை கொண்டுவருகிறார்கள். அரசர் வருசத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குகிறார், அவருடைய நாலு சகோதரர்களும் அப்படியே. வருசம் முடியும்போது நூறுகூட மிஞ்சாது. பராமரிக்கத் தெரியவில்லை, குதிரை வைத்தியர் இல்லை என்கிறார். வணிகர் தாங்களும் வைத்தியரைக் கொண்டுவருவதில்லை, வேறு யாரும் வந்துவிடாமலும் பார்த்துக்கொள்கிறார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த வருசமும் விற்கலாம். போலோ கொஞ்சம் ஊதிச் சொல்லுகிறவர்தான், எண்களை அப்படியே நம்பவேண்டாம். ஆனால் வியாபாரத்தின் தர்க்கம் எங்களுக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

இந்தப் பக்கம் வந்தால் இன்னும் பழைய தடயம் இருக்கிறது. மகாவம்சத்தில் அனுராதபுரத்தை ஆண்டதாகச் சொல்லப்படும் முதல் தமிழர், எல்லாளன் இல்லை. அவனுக்கு முன்னால் சேனன், குத்திகன் என்ற இருவர் 22 வருசம் ஆண்டார்கள், நீதியாக ஆண்டார்கள் என்றும் அந்த நூலே சொல்கிறது. அவர்கள் யாருடைய பிள்ளைகள் என்றால், கப்பலில் குதிரை கொண்டுவந்த வணிகனின் பிள்ளைகள். எல்லாளனின் பெயர் எங்கள் எல்லாருக்கும் தெரியும். குதிரைக்காரனின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் யாரும் எங்களுக்குச் சொன்னதாக ஞாபகம் இல்லை. படையை விட வணிகம் கதையாகச் சொல்ல வசதி குறைவு போல.

குதிரை வந்த கடலால் யானை போனது. வன்னியில் பிடித்த யானைகள் ஆனையிறவால் குடாநாட்டுக்குள் நடந்துவந்து கப்பலேறின. ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கயிட்ஸ் என்ற பெயரே யானைத்துறை என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஒல்லாந்தர் காலத்தில் கோல்கொண்டா வரையிலிருந்து வணிகர் யாழ்ப்பாணத்துக்கு யானை வாங்க வந்தார்கள். யானை உண்டு, குதிரை இல்லை, கப்பல் உண்டு, கையில் மரம் உண்டு. விளையாட்டில் எங்களுக்குத் தந்த பட்டியலும் இதுதான்.

இராஜேந்திரனைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். திராவிடரை எடுக்கிற எங்கட பெடியள் பலரின் மனத்தில் இருப்பது கடாரம் கொண்ட சோழன், கையில் வாள். 1025 இல் ஸ்ரீவிஜயத்துக்குப் போனது பெரும் விசயம்தான். ஆனால் அதே அரசனின் படை 1017 இல் இங்கே வந்து ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துக்கொண்டு போனது. அவன் சோழநாட்டிலேயே, பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு, இறந்துபோனான். நாங்கள் அந்தப் படையில் இருந்தோமா, அது மிதித்த ஊர்களில் இருந்தோமா என்பது அவ்வளவு இலேசான கேள்வி இல்லை. பெருமைக்காக எடுக்கிற நாகரிகத்தோடு இதையும் சேர்த்துத்தான் எடுக்கிறோம். ஆட்டத்திலும் அந்தப் பெருமைதான் எங்களைத் தோற்கடித்தது என்று இப்ப நினைக்கிறோம். புல்வெளிக் குதிரைக்காரருக்காக வளர்ந்த ஒரு வரைபடத்தில், வெளியே போய் மோதி வெல்லவேண்டும் என்ற அவசரத்தோடு, குதிரை இல்லாத சேனையை நடத்திக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் வரைபடத்தை மாற்றினோம். நடுவில் கடல், சுற்றிவரத் தீவுகள். ஃபியூடல் ஏறின கணமே 200 மரம் வந்தது. இரண்டாவது துறை, மூன்றாவது துறை. மீன்பிடி வள்ளங்கள் நிறைந்த சுமையோடு வந்து போயின. எதிராளி பிராங்குகளை எடுத்திருந்தார், குதிரைக்குப் பேர்போனவர்கள். அவருடைய நைட்மார் பன்னிரண்டு பேர் கரையில் வரிசையாக நின்று எங்கட வள்ளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சியைப் பார்த்து அறையில் இருந்த எல்லாரும் கத்தினோம்.

முப்பத்தொராவது நிமிசத்தில், ஐந்து கப்பல் அவருடைய துறையை உடைத்துக்கொண்டிருக்கும்போது, கரண்ட் போனது. புள்ளி 14 குறைந்தது.

நெடுந்தீவில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் விட்டுப்போன குதிரைகளின் வழிவந்தவை இன்றைக்கும் காட்டாக மேய்ந்து திரிகின்றன. கட்டைக் குதிரைகள், ஏறி ஓட்ட யாரும் இல்லை. அடுத்த மேம்பாட்டில் அதையாவது எங்கட லாயத்தில் சேர்க்கச் சொல்லி எழுதவேண்டும் என்று எங்களில் ஒருத்தர் இருட்டுக்குள் இருந்து சொன்னார்.